நம் ஊரில் உயர்தர டிபார்ட்மென்ட் ஸ்டோர் நிலைக்குமா? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

நொய்யல்கரை:

மூன்று மாதமாக ஒரு காட்சி மனத்தை விட்டு நீங்காததால் இந்த இழையைத் தொடங்குகிறேன். டிபார்ட்மென்டல் ஸ்டோர் என்றால் நம் பக்கத்தில் மளிகைக்கடை என்றுதான் பொருள் கொள்வார்கள். நான் சொல்வது, வாசனைத் திரவியம், ஒப்பனைப் பொருள், கைக்கடிகாரம், கைப்பை, ஆயத்த ஆடை என எல்லாவற்றையும் பிராண்டு வாரியாகப் பிரித்து வைத்திருக்கும் பெரிய கடைகளை.

தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் முன்பு, அவளுக்கு முகத்தில் பூசும் ஃபவுண்டேஷன் வாங்க எங்கள் கோவை மால் ஒன்றில் இருக்கும் அத்தகைய கடைக்குப் போயிருந்தோம். விற்பனைப் பெண் ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து பார்த்தார். வெளிர் நிறங்களில் குப்பிகள் வரிசையாக இருந்தன. மாநிறத்துக்கோ அதைவிடக் கருத்த நிறத்துக்கோ ஒன்றுகூட இல்லை. கடைசியில் அவர் தம் சீருடையின் முழுக்கையை மேலே சுருட்டி, முன்கையில் கோடு கோடாகப் பூசிப் பார்த்திருந்த மாதிரிகளைக் காட்டினார். எல்லாம் சுண்ணாம்பு இழுத்ததுபோல் வெளுத்துத் தெரிந்தன. "என் கைக்கே இங்க நிறம் இல்லீங்க அக்கா, மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் மட்டுந்தான் அனுப்பறாங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை, 2023 டிசம்பர் இறுதியில் தொடங்கப்பட்ட அந்த வந்தே பாரத் ரயிலில் பெங்களூரு போய், பத்தே நிமிடத்தில் அதை வாங்கிவிட்டோம். போனது போகட்டும் என்று அப்பாவுக்கு ஒரு கோட்டு, அம்மாவுக்கும் எனக்கும் கைப்பை, மாப்பிள்ளைக்குக் கடிகாரம் என்று முப்பத்துநாலாயிரம் ரூபாய் செலவழித்துவிட்டுத் திரும்பினோம். அந்தப் பணம் முழுவதும் கோவையில் செலவாகியிருக்க வேண்டியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கோவை, கொச்சி ஆகிய இரண்டு நகரத் தொகுதிகளுக்கும் தலா ஏறத்தாழ 21 லட்சம் பேர்தான். கொச்சியின் இடப்பள்ளியில் 2013இலேயே அவ்வளவு பெரிய லுலு மால் வந்து நிலைத்துவிட்டபோது, நம்மிடம் மட்டும் கடை திறப்பவர்கள் ஏன் அரைமனத்துடன் திறக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்.

வடக்குமாசிக்காரி:

மதுரையிலிருந்து எழுதுகிறேன். என் மாமனாருக்கு உசிலம்பட்டிப் பக்கம். கொழுந்தனார் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தவரை, சாமான் நன்றாக இருக்கும் என்று நான்தான் பிடிவாதமாக அப்படிப்பட்ட ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்ததும், அவர் ஒரு கணம் நின்று, பளபளத்த தரையைப் பார்த்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார். காவலாளி ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உள்ளே யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் யாரும் "வாங்கய்யா" என்றும் சொல்லவில்லை. ஏசிக் குளிரில் வெறுங்காலோடு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "இங்க யாருகிட்டம்மா கேக்குறது?" என்றார். வேட்டி மேல் கட்டியிருந்த பச்சை பெல்ட்டுக்குள் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பணம் இருந்தது. அது முழுவதும் அன்று மாலைக்குள் மாசி வீதிக் கடைகளில் செலவானது. அங்கே பாய் விரித்து உட்காரவைத்து, நாற்பது புடவையை விரித்துப் போட்டு, எடுக்காத புடவைக்கு முகம் சுளிக்காமல் மடித்து வைத்தார்கள்.

ஆகவே, நொய்யல்கரை சொல்வதுபோல் நிறம் வராததுதான் முதன்மைக் காரணம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சிறிய ஊர் பெரிய கடையைத் தாங்காது என்ற பேச்சே தவறு. 1923இல் போத்தீஸ் தொடங்கியது ஸ்ரீவில்லிபுத்தூரில், 1924இல் ஆர்.எம்.கே.வி. தொடங்கியது திருநெல்வேலியில், அவர்கள் நம் ஊர்களில் வேரூன்றிய பிறகுதான் தியாகராய நகருக்குப் போனார்கள். மாடி மாடியாகப் பட்டு, குழந்தைகள் ஆடை, பாத்திரம், நகை என்று பிரித்து வைத்து, குடும்பத்தோடு வருபவரைப் பெயர் சொல்லி வரவேற்கும் கடை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாமல், மும்பையில் வரைந்த படத்தை இங்கே அப்படியே கட்டுகிறார்கள்.

மலைக்கோட்டை நிழல்:

திருச்சியின் கதை வேறு. என் பெரியம்மா ஒரு கடையின் வாசனைத் திரவியப் பகுதியில் நின்றுகொண்டு, ஒரு பெட்டியை எடுத்து, விலை ஒட்டியிருந்த பக்கத்தைக் கைபேசிக் கேமராவுக்கு நேராகப் பிடித்து, சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் காட்டினார். அவன் ஒரு நொடிகூட யோசிக்காமல், "வச்சிரும்மா, இங்க முஸ்தபா கடைல பாத்து தீபாவளிக்கு எடுத்துட்டு வர்றேன்" என்றான். விற்பனைப் பையன் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றான். பெட்டியை வாங்கி, ஒரு துணியால் துடைத்து, முன்பிருந்த இடத்திலேயே வைத்தான். அவன் துடைத்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

எங்கள் ஊரில் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பணம் வருகிற விமானத்திலேயே பொருளும் வந்துவிடுகிறது. மதுரைத் தோழி சொல்லும் வரவேற்பு இருந்திருந்தாலும் பெரியம்மா அதை வாங்கியிருக்க மாட்டார்.

முன்னாள் தளமேலாளர்:

இத்தகைய கடைகளில் பதினாறு ஆண்டு வேலை பார்த்துவிட்டு விலகியவன் என்பதால் எழுதுகிறேன். என் அனுபவம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆடி பிறப்பதற்கு முன் வரும் அந்த வெறிச்சோடிய வாரம். காலை பதினொரு மணிக்குக் கடை திறந்தோம். அறுபது பேர் சீருடையில் நின்றோம். நாற்பதாயிரம் சதுர அடிக்கும் குளிரூட்டி ஓடியது. பிற்பகல் ஒன்றரை மணிக்கு அன்றைய முதல் பில் விழுந்தது. 199 ரூபாய்க்கு ஒரு கைக்குட்டைப் பெட்டி. காசாளர் பெண் அந்த வாடிக்கையாளருக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

இனி நொய்யல்கரைக்குச் சொல்கிறேன், கேட்காமலே சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். கொச்சியை ஒப்பிடும்போது தலைகளை மட்டும் எண்ணக்கூடாது. இந்த வகைக் கடை மும்பை அந்தேரியில் ஷாப்பர்ஸ் ஸ்டாப்பாக 1991இல் தொடங்கியது. துபாயிலிருந்து வந்த லைஃப்ஸ்டைல் தன் முதல் இந்தியக் கடையை 1999இல் சென்னையில் திறந்தது. இவை மாதத்துக்கு இரண்டு முறை வந்து, முறைக்கு மூவாயிரம் நாலாயிரம் ரூபாய் செலவழிக்கும் மாதச் சம்பளக்காரரை நம்பி வகுக்கப்பட்டவை. கொங்கு நாட்டுச் செல்வம் தொழிற்சாலை, நூற்பாலை, தோட்டம், நிலம் என்று கிடக்கிறது. அது கல்யாணம், காதுகுத்து, தீபாவளி என்று ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே வெள்ளமாக வெளியே வரும். மற்ற நாளில் வெளியே வராது. வாடகையும் மின்கட்டணமும் சம்பளமும் முகூர்த்தம் பார்த்து வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை மால் நிரம்பி வழிவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். படம் பார்க்கவும் சாப்பிடவும் வந்தவர்கள் எங்கள் தளத்தை நடைவழியாகத்தான் பயன்படுத்தினார்கள். போதாக்குறைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ஆடைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்குள் இருந்தால் 5 சதவீதம். உயர்தர ஆடை விற்பவருக்கு இந்தக் கோடு சரியாகக் கழுத்தில் விழுகிறது.

சரக்கு வராததற்கும் காரணம் இருக்கிறது. பல பிராண்டுகள் விற்றால் பணம், விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வது என்ற ஒப்பந்தத்தில்தான் சரக்கு தருகின்றன. திரும்பி வரும் சரக்கின் வண்டிக்கூலியும் கசங்கலும் அவர்கள் தலையில் விழுவதால், சென்ற ஆண்டு எந்த ஊரில் எது விற்றதோ அதையே அந்த ஊருக்கு அனுப்புவார்கள். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: பெங்களூரு ரயில் ஏறுவதற்கு முன், வேண்டிய பொருளின் பெயர், நிறம், எண் மூன்றையும் எழுதிக் கடையில் கொடுங்கள், முன்பணம் கொடுத்து ரசீது வாங்குங்கள், உங்கள் வட்டத்தில் அதே பொருள் வேண்டுபவர்களையும் அழைத்துப் போய்ப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மால் நடத்துபவர்களும் நாற்பதாயிரம் சதுர அடியை வற்புறுத்தாமல், பதினைந்தாயிரத்தில் ஒப்பனை, கடிகாரம், காலணி, ஆண்கள் கோட்டு என்ற நான்கு பிரிவுகளை மட்டும் முழு அளவில் வைக்கும் கடையைக் கேட்டுப் பெற வேண்டும். அங்கேயே ஒரு நல்ல தையற்காரரை உட்காரவைத்து, கோட்டின் கையையும் காற்சட்டையின் நீளத்தையும் அன்றைக்கே சரிசெய்து கொடுத்தால், மாப்பிள்ளை வீட்டார் ஒரு முறை வந்தால் மூன்று தலைமுறைக்கு வருவார்கள். புடவையில் மதுரை மாசி வீதியோடும் கோவை கிராஸ்கட் ரோட்டோடும் போட்டி போடவே கூடாது.

வடக்குமாசிக்காரி:

தளமேலாளர் ஐயா, நீங்கள் இவ்வளவு எழுதியும் என் மாமனாருக்குப் பதில் இல்லை. ஆண்டில் சில வாரங்களே பணம் வெளியே வருகிறது என்கிறீர்கள். அப்படி வந்த நாளில்தான் அவர் உங்களைப் போன்றவர்களின் கடை வாசலில் நின்றார். அறுபது பேர் சீருடையில் நின்றும், கூடவே நடந்து வர ஒருவர் இல்லை.

நொய்யல்கரை:

மதுரைத் தோழி எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தேன். தளமேலாளர் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். அன்றே எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண் மேசைக்கு அடியிலிருந்து ஒரு நீல அட்டை நோட்டை எடுத்து, பெயர், கைபேசி எண், பிராண்டு, நிறத்தின் எண் என்று கோடு போட்ட பக்கத்தில் என்னை எழுதச் சொன்னார். அந்தப் பக்கத்தில் என் பெயர் பதினேழாவது. எனக்கு மேலே எழுதியிருந்தவர்களில் ஒன்பது பேர் நான் கேட்ட அதே நிறத்தைத்தான் கேட்டிருந்தார்கள். முதல் பெயருக்கு எதிரே இருந்த தேதி அதற்கு முந்தைய ஆண்டு கார்த்திகை மாதத்தது. எங்கள் ஊரில் கேட்பவர் இல்லை என்று உங்கள் தலைமை அலுவலகம் சொல்லுமானால், அந்த நோட்டை யார் படிக்கிறார்கள் என்று தெரிவிக்க முடியுமா?

முன்னாள் தளமேலாளர்:

எங்கள் கடையிலும் அப்படி ஒரு நோட்டு இருந்தது. மாத முடிவில் மேலே அனுப்பும் படிவத்தை நான்தான் நிரப்புவேன். விற்றது, இருப்பு, திருப்பி அனுப்பியது என்று மூன்று கட்டங்கள் அதில் இருந்தன. கேட்டுக் கிடைக்காமல் திரும்பிப் போனவர்களை எழுத அதில் கட்டம் இல்லை. பதினாறு ஆண்டில் ஒரு முறைகூட அந்தப் படிவத்தின் ஓரத்தில் நான் கையால் எழுதி அனுப்பியதில்லை.