வீட்டுக்குள்ள படம் பகிர வைஃபை போதுமா, வயர் இழுக்கணுமா?

மாடி_அறை:
மாடியில என் டெஸ்க்டாப், விண்டோஸ் 11, எட்டாம் தலைமுறை ஐ3 பிராசசர். கீழ அம்மாவோட லேப்டாப். அப்பா வாங்கிச் சேர்த்த டிவிடிக்களை எல்லாம் ரிப் பண்ணி, அதாவது ஃபைலா மாத்தி, டெஸ்க்டாப்ல ஒரு ஃபோல்டர்ல போட்டு ஷேர் குடுத்திருக்கேன். கீழ விஎல்சி பிளேயர்ல திறந்தா படமெல்லாம் தடையில்லாம ஓடுது. அக்கா கல்யாண வீடியோ மட்டும் திக்குது. சத்தம் ஓடும், படம் உறைஞ்சு நிக்கும். அம்மா கேக்குறதே அந்த வீடியோவைத்தான்.

ரவுட்டர் கீழ ஹால்ல இருக்கு, நெட் கனெக்‌ஷன் குடுத்தவங்க மாட்டினது. டெஸ்க்டாப்புக்குப் பின்னாடி நகத்தளவு யூஎஸ்பி வைஃபை டாங்கிள், அட்டையில 150 எம்பிபிஎஸ்னு போட்டிருந்தது. காரைக்குடிப் பக்கம் பழைய வீடு, சுவர் ஒண்ணரை அடி. நெட் பிளானை 100-லேர்ந்து 200-க்கு மாத்தினா சரியாகுமா?

காற்றலை:
பிளானை மாத்தாதீங்க, காசு தண்டம். மாடியிலேர்ந்து கீழ போற படம் உங்க வீட்டு ரவுட்டர் வரைக்கும் போய்த் திரும்புது, அவ்வளவுதான். நெட் பில்லுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஃபைபர் வயரைப் பிடுங்கிட்டுப் பாருங்க, அப்பவும் படம் ஓடும். டேட்டாவும் தீராது.

டெஸ்க்டாப்ல ஜெல்லிஃபின் போடுங்க, வீட்டுக்குள்ள படங்களை அனுப்பற மென்பொருள், இலவசம். கீழ லேப்டாப்ல பிரவுசர் திறந்தாப் போதும், அம்மா போஸ்டரைப் பாத்துப் படம் போட்டுக்குவாங்க. இந்தக் காலத்துல போய் ஃபோல்டர் ஷேர் பண்ணிட்டு இருக்கீங்களே.

கம்பிக்காரன்:
ஆரம்பிச்சுட்டாருய்யா. சுவர் ஒண்ணரை அடின்னு எழுதியிருக்கார், அதைப் படிச்சீங்களா? நான் சிசிடிவியும் நெட்வொர்க் கேபிளிங்கும் பண்றவன். செட்டிநாட்டு வீடுகள்ல வைஃபை என்ன பாடு படும்னு எனக்குத் தெரியும். ஒரு அறைக்குள்ள ஃபுல் சிக்னல், நிலையைத் தாண்டினா ஒரு கோடு. இவருக்கு ஒரே வழி, மாடிக்கு ஒரு கேபிள். மத்ததெல்லாம் பேச்சு.

பென்டிரைவ்_பக்தன்:
ஒரு பென்டிரைவ் வாங்குங்க. காப்பி பண்ணுங்க. அம்மா கையில குடுங்க. முடிஞ்சுது கதை.

சட்டம்_பேசுவோம்:
முதல்ல ஒண்ணு கேக்கணும். இது டொரண்ட்ல இறக்கின படமா? அப்படின்னா இந்த விவாதத் திரியைப் பூட்டிடலாம்.

மாடி_அறை:
இல்லைங்க சார். எல்லாம் காசு குடுத்து வாங்கின டிவிடி, டப்பா இன்னும் அலமாரியில இருக்கு. கல்யாண வீடியோ எங்க சொந்தம்.

சட்டம்_பேசுவோம்:
அப்ப சரி. தன் சொந்த உபயோகத்துக்குன்னா பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(அ) இடம் தருது. டிவிடியில இருக்கற காப்பித் தடைப் பூட்டை உடைக்கறது பத்தி 2012-ல வந்த 65அ பிரிவு இருக்கு, இரண்டு வருஷம் வரைக்கும் சிறைன்னு. ஆனா அதுலயே ‘உரிமையை மீறும் நோக்கத்தோடு’ன்னு இருக்கு. அம்மாவுக்குப் போட்டுக் காட்டறதுல அந்த நோக்கம் எங்க இருக்கு? இந்த ஃபோல்டரை ஊருக்கே திறந்து விட்டா வேற கதை. நான் ஒதுங்கிக்கறேன்.

கணக்குப்பிள்ளை:
கல்யாண வீடியோ ஃபைல் எத்தனை ஜிபி, எத்தனை மணி நேரம்? படங்கள் சராசரியா எத்தனை ஜிபி? இது தெரியாமல் ஆளாளுக்கு மருந்து எழுதிக் கொடுக்கிறீர்கள்.

மாடி_அறை:
கல்யாண வீடியோ 58 ஜிபி, 2 மணி 40 நிமிஷம், ஒரே ஃபைல். படங்கள் ஒண்ணரை ஜிபியிலேர்ந்து 2 ஜிபி வரைக்கும், பெரும்பாலும் ரெண்டரை மணி நேரம்.

கணக்குப்பிள்ளை:
விஷயம் இதிலேயே வெளியே வந்துவிட்டது. ஃபைல் அளவை பிட்டாக மாற்றி, ஓடும் நொடிகளால் வகுங்கள். ஒன்றரை ஜிபி படம் நொடிக்கு 1.3 மெகாபிட் கேட்கிறது. உங்கள் கல்யாண வீடியோ 48 மெகாபிட் கேட்கிறது. வீடியோகிராபர் கேமராவில் எடுத்த தரத்திலேயே எடிட் செய்து கொடுத்துவிட்டார். ப்ளூரே தட்டில்கூட படத்துக்கான உச்ச வரம்பு 40 மெகாபிட்தான்.

இப்போது உங்கள் டாங்கிள். அட்டையில் போட்டிருக்கும் 150 என்பது 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரே ஆன்டெனாவுக்கான காகிதக் கணக்கு. அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் நிறைந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பெரும்பாலும் 20 மெகாஹெர்ட்ஸ்தான் கிடைக்கும், அதில் உச்சம் 72. வைஃபையின் சொந்தப் பேச்சுவார்த்தைக்குப் போக, கைக்கு வருவது அதில் பாதி சொச்சம். இதற்கு மேல் உங்களுக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. டெஸ்க்டாப்பும் வைஃபை, லேப்டாப்பும் வைஃபை. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒவ்வொரு துண்டும் டெஸ்க்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒரு தரம், ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு தரம் என்று காற்றில் இரண்டு முறை போகிறது. மறுபடியும் பாதி. 150 என்று வாங்கியது கடைசியில் இருபதுக்கு வந்து நிற்கும். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை.

ஒன்று செய்யுங்கள். ஷேரிலிருந்து அந்த ஃபைலை லேப்டாப்புக்கு காப்பி போட்டு, விண்டோஸ் காட்டும் வேகத்தை எழுதுங்கள். அது மெகாபைட்டில் காட்டும், எட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மாடி_அறை:
2.3 எம்பின்னு காட்டுது. அப்ப 18 மெகாபிட். நீங்க சொன்னதுக்கும் கீழ.

கம்பிக்காரன்:
நான் முதல் பதிவுலயே சொன்னேன். கேபிள்.

காற்றலை:
கேபிளுக்கு அவசரப்படாதீங்க. 18 வருதுல்ல? ஜெல்லிஃபின் எதுக்குச் சொன்னேன்? அது அந்த 48 மெகாபிட் வீடியோவை ஓடும்போதே 8 மெகாபிட்டாச் சுருக்கி அனுப்பும். எட்டாம் தலைமுறை ஐ3-ல இன்டெல் குவிக்சிங்க்னு வீடியோ சுருக்கறதுக்கே தனிப் பகுதி இருக்கு, செட்டிங்ஸ்ல வன்பொருள் முடுக்கம்னு ஒரு இடத்துல அதைத் தேர்ந்தெடுத்தா பிராசசர் அலட்டிக்காது. ஃபோல்டர் ஷேர் இதைச் செய்யாது, ஃபைல் எப்படி இருக்கோ அப்படியே தள்ளும். கேபிளும் வேணாம், டாங்கிளும் மாத்த வேணாம்.

ஒரு குறிப்பு: கல்யாண வீடியோவை ‘திரைப்படம்’ லைப்ரரியில போடாதீங்க. அது இணையத்துல போஸ்டர் தேடி, அக்கா கல்யாணத்துக்கு ஏதாவது சினிமாப் பேரை ஒட்டி வச்சுடும். ‘வீட்டு வீடியோ’ன்னு தனி வகை இருக்கு. படங்களுக்கு ஃபைல் பேருல வருஷம் கட்டாயம். விக்ரம்னு மட்டும் போட்டா 1986-ஆ 2022-ஆன்னு அதுக்கு எப்படித் தெரியும், ரெண்டுலயும் கமல்தான்.

கம்பிக்காரன்:
அதாவது காசு குடுத்து நல்ல கேமராவுல எடுத்த கல்யாணத்தை, ஒரு ஓட்டை டாங்கிளுக்காகக் குறைச்சுப் பாக்கணும். பட்டுப்புடவை ஜரிகை எல்லாம் குழம்பிப் போகும். நல்ல யோசனை!

காற்றலை:
அண்ணே, 15 இன்ச் லேப்டாப்புல 8 மெகாபிட்டுக்கும் 48-க்கும் வித்தியாசம் கண்டுபிடிங்க, நான் வந்து உங்க கேபிளை இழுத்துத் தர்றேன்.

தங்கமீன்:
நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுங்க, நான் ஒண்ணு கேக்கறேன். அம்மா மத்தியானம் வீடியோ பாக்கணும்னா மாடியில டெஸ்க்டாப் ஓடிட்டே இருக்கணும் இல்லையா? தம்பி ஆபீஸ் போயிட்டா யார் போய் ஆன் பண்றது? நாள் பூரா ஓட விட்டா 80 வாட்டுன்னு வச்சாலும் ஒரு நாளைக்கு 2 யூனிட் பக்கம் வரும். ரெண்டு மாசத்துக்கு 115 யூனிட். வீட்டுக்கு அரசாங்கம் தர்ற இலவச யூனிட்ல பெரும்பகுதியை அந்த ஒரு பெட்டியே தின்னுடும்.

பென்டிரைவ்_பக்தன்:
அக்கா மட்டும்தான் இங்க நடைமுறை பேசறாங்க. பென்டிரைவ் கரன்ட் குடிக்காது.

கணக்குப்பிள்ளை:
பென்டிரைவ் அன்பரே, புதிதாக வாங்கும் பென்டிரைவ் பலவும் ஃபேட்32 என்ற பழைய ஃபைல் அமைப்பில் வரும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் ஏறாது. 58 ஜிபி ஒரே ஃபைல் என்று அவர் எழுதியிருக்கிறார். எக்ஸ்ஃபேட்டாக மாற்றலாம், ஆனால் மலிவான பென்டிரைவில் நொடிக்கு 10 எம்பி எழுதினாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

பென்டிரைவ்_பக்தன்:
ஒரு தடவைதானே எழுதணும்! ஒரு தடவை ஒன்றரை மணி நேரம், அப்புறம் வாழ்நாள் பூரா நிம்மதி. அப்படிப் பாத்தா அந்த லேப்டாப்லயே காப்பி பண்ணி வச்சுட்டா பென்டிரைவும் வேணாம்.

மாடி_அறை:
லேப்டாப்ல 20 ஜிபிதான் காலியா இருக்குண்ணே.

தென்காசித்_தூறல்:
கேபிள் போடறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாடியிலேர்ந்து வெளிச்சுவர் வழியாக் கீழ இறக்காதீங்க. ஐப்பசி மாச இடியில எங்க வீட்டு ரவுட்டர், ஸ்விட்ச், கம்ப்யூட்டர்ல இருந்த போர்ட் மூணும் ஒரே நேரத்துல போச்சு. வைஃபையா இருந்தா ரவுட்டரோட போயிருக்கும்.

கம்பிக்காரன்:
இது நியாயமான பேச்சு. வெளிச்சுவர்ல நானும் இழுக்க மாட்டேன். படிக்கட்டு ஓரமா கேசிங் (வயரை மூடற பிளாஸ்டிக் பட்டை) ஆணியடிச்சு உள்ளேயே கொண்டு வரணும். கேபிள்ல கேட்6 ரகம் கூட வேணாம், கேட்5இ ரகம் போதும், 100 மீட்டர் வரைக்கும் கிகாபிட் வரும். கடையில மலிவா நீட்டுவாங்க பாருங்க, அது செம்பு இல்ல, செம்பு பூசின அலுமினியம். ஒரு இழையைக் கத்தியால சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா அங்கேயே வச்சுட்டு வந்துடுங்க.

கணக்குப்பிள்ளை:
இவருக்கு கிகாபிட்டே வேண்டாம். ரவுட்டரில் இருப்பது 100 மெகாபிட் போர்ட்டாக இருந்தாலும் 48 தாராளமாகப் போகும். இரண்டு முனையும் வயர் ஆக வேண்டியதில்லை. டெஸ்க்டாப் மட்டும் வயரில் வந்தால், காற்றில் இரண்டு முறை போவது ஒரு முறையாகிவிடும். ரவுட்டரிலும் லேப்டாப்பிலும் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால், ஒரே ஹாலுக்குள் அந்தப் பாதி தூரத்துக்கு அது போதும். சுவர் தாண்டி மாடிக்கு 5 கிகாஹெர்ட்ஸை நம்ப வேண்டாம், தடித்த சுவரில் அது 2.4-ஐவிட மோசமாக அடிபடும்.

தங்கமீன்:
ஷேரை யாருக்குத் திறந்து விட்டிருக்கீங்க தம்பி? ‘எல்லோரும்’னு போட்டு முழு அனுமதி குடுத்திருந்தா அம்மா கை பட்டு டெலீட் ஆனா டெஸ்க்டாப்லயே போயிடும், மறுசுழற்சித் தொட்டிக்குக்கூடப் போகாது. வாசிக்க மட்டும் குடுங்க. இதுக்குன்னு டெஸ்க்டாப்ல தனியா ஒரு லோக்கல் பயனர் உருவாக்குங்க. நாலு இலக்க பின் நெட்வொர்க் வழியா வேலை செய்யாது, பாஸ்வேர்டுதான் கேக்கும். பலபேர் இங்கதான் முட்டிக்கறாங்க.

அப்புறம் யாராவது ‘எஸ்எம்பி 1-ஐ (ஃபோல்டர் பகிர்வோட பழைய முறை) ஆன் பண்ணு’ன்னு யூடியூப்ல சொன்னாக் கேக்காதீங்க. 2017 மே மாசம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் பறிக்கற வான்னாக்ரை வைரஸ் உலகம் பூராப் பரவினது அந்த ஓட்டை வழியாத்தான். மைக்ரோசாஃப்ட் அதை அந்த வருஷமே விண்டோஸ் 10-ல இயல்பாவே நிறுத்தி வச்சுட்டாங்க.

மாடி_அறை:
அக்கா, ‘எல்லோரும்’னுதான் இருந்துது. மாத்திட்டேன்.

பக்கத்து வீட்டுல சிசிடிவிக்கு வாங்கி மிஞ்சின கேபிள் இருந்துது. சோதனைக்குப் படிக்கட்டுல அப்படியே போட்டு டெஸ்க்டாப்பை ரவுட்டரோட சேர்த்தேன். லேப்டாப்பை ஹாலுக்குக் கொண்டு வந்து 5 கிகாஹெர்ட்ஸ்ல போட்டேன். காப்பி 11 எம்பியைத் தொட்டுது. கல்யாண வீடியோ ஒரு இடத்துலகூட நிக்கல, மாங்கல்யதாரணத்துக்கு நேராத் தாவினாலும் உடனே ஓடுது.

கம்பிக்காரன்:
😎

காற்றலை:
11 எம்பின்னா 88 மெகாபிட், போர்ட் 100-லதான் முட்டி நிக்குது. கவனிச்சீங்களா, கடைசிப் பாதி வைஃபைதான். வைஃபை அதைத் தாங்கிடுச்சு. அந்த ஓசி டாங்கிளும் சுவரும்தான் வில்லன்.

கம்பிக்காரன்:
அந்தச் சுவரைத் தாண்ட என்ன போட்டார்? அதைச் சொல்லுங்க.

மாடி_அறை:
ஆனா அம்மா படிக்கட்டுல வயர் கிடக்கக் கூடாதுன்னுட்டாங்க, அப்பா ராத்திரி இறங்கும்போது தடுக்கிடுவாராம். கேசிங் அடிக்கவும் அப்பா சம்மதிக்கல, தேக்குப் படிக்கட்டுல ஆணியாங்கறார். அதனால ஹேண்ட்பிரேக்னு வீடியோ சுருக்கற மென்பொருள் போட்டு 8 மெகாபிட்ல ஒரு காப்பி பண்ணப்போறேன். கணக்குப்படி 10 ஜிபி கூட வராது, அம்மா லேப்டாப்லயே வச்சுடலாம், டெஸ்க்டாப் ஓட வேண்டியதில்ல. மூல ஃபைலைத் தொட மாட்டேன், இன்னொரு ஹார்டு டிஸ்க்லயும் ஒரு நகல் போட்டு வைக்கறேன். படங்களுக்கு இப்ப இருக்கற ஷேரே போதும்.

பென்டிரைவ்_பக்தன்:
அப்ப நான் சொன்னதுதானே? லேப்டாப்லயே காப்பி பண்ணுன்னு யார் சொன்னது, ஸ்குரோல் பண்ணிப் பாருங்க.

காற்றலை:
சுருக்கறது என் யோசனை.

கம்பிக்காரன்:
தேக்குப் படிக்கட்டுன்னு முதல்லயே சொல்லியிருந்தா நானே ஆணின்னு பேசியிருக்க மாட்டேன். பிசின் டேப்புல ஒட்டற தட்டையான கேபிள் இருக்கு தம்பி, மரத்துல தழும்பு விழாது. அப்பாகிட்ட கேட்டுச் சொல்லுங்க.