எலும்பு ‘மறுவடிவமைப்பு’ வேண்டாம், ‘புதுக்கம்’ எப்படி?

> ‘மறுவடிவமைப்பு’ என்றே இருக்கட்டும். எல்லோருக்கும் புரிகிறது.

புரிகிறது என்பதில்தான் எனக்கு ஐயம். எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய்க்கான மருந்துகளை விலங்குகளில் சோதிக்கும் ஆய்வுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் பக்கத்திலேயே இந்தச் சொல் காலை வாரிவிட்டது. ‘மறுவடிவமைப்பு’ என்று நாம் மொழிபெயர்க்கும் ரீமாடலிங்கில் (bone remodeling) எலும்பின் வடிவம் பெரும்பாலும் மாறுவதே இல்லை. ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பழைய எலும்பைக் கரைத்துக் குழி பறிக்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் அதே குழியை நிரப்புகின்றன. பறிக்கச் சில வாரங்கள், நிரப்பச் சில மாதங்கள். முடிவில் உருவம் பழையது, சரக்கு புதிது.

வடிவம் மாறுவது மாடலிங் (வடிவமைப்பு) என்ற வேறொரு நிகழ்வில். அங்கே ஒரு பரப்பில் கரையும், வேறொரு பரப்பில் படியும். ஒன்றுக்காக மற்றது காத்திருப்பதில்லை. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டப் பெரும்பாடு பட்டவர் எலும்பு ஆய்வாளர் ஹெரால்ட் ஃப்ராஸ்ட். நாம் ‘வடிவமைப்பு’க்கு முன் ‘மறு’ என்ற ஒட்டைப் போட்டு அவர் பிரித்ததை மீண்டும் ஒட்டவைக்கிறோம்.

இது வெறும் சொல் சண்டை அன்று. அலெண்ட்ரோனேட் என்ற எலும்புப்புரை மருந்து கரைப்பை அடக்குகிறது. குழி குறைவதால் நிரப்பும் வேலையும் பின்னாலேயே குறைகிறது. ரோமோசோசுமாப் என்ற மற்றொரு மருந்தைக் கொடுத்த குரங்குகளிலோ, குழியே பறிக்காத பரப்புகளில் புதிய எலும்பு படிந்தது. முன்னதில் ரீமாடலிங் அடங்குகிறது, பின்னதில் மாடலிங் எழுகிறது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி எழுதுவது? மாதவிடாய் நின்ற நிலையை ஒத்திருக்கச் சூலகம் நீக்கிய எலிதான் இத்துறையின் வழக்கமான மாதிரி. ஆனால் எலியின் புறணி எலும்பில், அதாவது கெட்டியான வெளிப்பகுதியில், உள்ளே சுரங்கம்போல் குடைந்து நிரப்பும் ஹாவர்சியன் ரீமாடலிங் மிகவும் அரிது. அதனால்தான் செம்மறியாடு, குரங்கு போன்ற பெரிய விலங்குகளையும் நாடுகிறார்கள். ‘எலியின் புறணியில் மறுவடிவமைப்பு இல்லை’ என்று எழுதினால், எலியின் எலும்பு வடிவமே மாறாது என்றல்லவா வாசகர் எடுத்துக்கொள்வார்?

> அப்படியானால் ‘மறுசீரமைப்பு’?

கடனுக்கும் அரசுத் துறைகளுக்கும் அந்தச் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கேயே இருக்கட்டும்.

என் பரிந்துரை: ரீமாடலிங்குக்குப் ‘புதுக்கம்’, மாடலிங்குக்கு ‘வனைவு’. வனைவதில் உருவம் பிறக்கிறது, புதுக்குவதில் உருவம் நிற்கிறது. ‘புதுக்கு’ என்ற வினை நம்மிடம் பழையது. கோயிலைப் பழுதுபார்க்கும் செலவுக்கு விடப்பட்ட நிலத்தைப் ‘புதுக்குப்புறம்’ என்றார்கள். எலும்பில் விழும் நுண்விரிசல்களைச் சரிசெய்வதும் இந்தப் பழுதுபார்ப்புதானே. தவிர, ‘புதுக்கத்தை அடக்கும் மருந்து’, ‘புதுக்க வேகம்’ என்று சொல் தடையின்றி வளைகிறது. ‘மறுவடிவமைப்பைத் தடுக்கும் மருந்து’ என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள்.

> மாதவிடாய் நின்றபின் புதுக்கம் கூடுவதால் எலும்பு தேய்கிறது என்று எழுதினால் முரணாக இல்லையா? புதுக்கினால் நல்லதுதானே நடக்கும்?

நேற்றிலிருந்து என்னை உறுத்தும் கேள்வி இதுதான். ஆனால் முரண் சொல்லில் இல்லை, நோயில் இருக்கிறது. அந்த நிலையில் ஒவ்வொரு குழியும் பறித்த அளவுக்கு நிரம்பாமல் சற்றுக் குறையாகவே நின்றுவிடுகிறது. குழிகள் பெருகப் பெருகக் குறையும் பெருகுகிறது. ஆகவே ‘புதுக்க வேகம்’ ஒன்று, ‘புதுக்கக் குறை’ மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே சொல்லிவிட்டால் வாசகர் குழம்பமாட்டார் என்று நம்புகிறேன்.

பழைய எலும்பைக் கரைக்கும் ரிசார்ப்ஷனுக்கு ‘உறிஞ்சல்’ வேண்டாம், அது குடலின் வேலை. ‘கரைப்பு’ போதும். கரைப்பைத் தொடர்ந்து ஆக்கம் வருவதற்குப் ‘பிணைவு’ என்று வைத்திருக்கிறேன்; இதில் பிடிவாதம் இல்லை.

கரைக்கும் செல்களும் நிரப்பும் செல்களும் ஒன்றாக நகரும் அந்தக் கூட்டத்துக்குத்தான் இன்னும் சொல் அகப்படவில்லை. ‘அடிப்படைப் பலசெல் அலகு’ என்று எழுதிப் பார்த்தேன், வாய் வலிக்கிறது. ‘புதுக்கக் குழு’ என்றால் ஏதோ சங்கக் கூட்டம் போல ஒலிக்கிறது. ‘புதுக்கம்’, ‘அணி’ இரண்டையும் ‘புதுக்கணி’ என்று சேர்க்கலாமா? ‘கணி’ என்று பிரித்துப் படித்துவிடுவார்களோ என்ற அச்சமும் இருக்கிறது. புணர்ச்சி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.