மோசல் ஆற்றங்கரையில் மீனா பறித்த திராட்சை

மீனா: நேற்று பிரெம் என்ற ஊருக்கு வைன் திராட்சை பறிக்கப் போயிருந்தேன். இங்கே ஜெர்மனியில், கோப்லென்சில் என்னோடு வேலை பார்ப்பவரின் குடும்பத் தோட்டம், ஆள் பற்றவில்லை என்று கூப்பிட்டார்கள். படம் போட்டிருக்கிறேன், எல்லாரும் பாருங்கள்.

அத்தை: அம்மாடி, இது தோட்டமா மலையா? பார்த்துக் கால் வை கண்ணு.

மீனா: கால்மோன்ட் என்ற சரிவு அத்தை. சில இடங்களில் 65 டிகிரி வரை செங்குத்து, டிராக்டர் ஏறவே ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சின்ன வண்டிதான் ஆளையும் கூடையையும் மேலே கொண்டுபோகிறது.

பெரியப்பா: பந்தலைக் காணோமே தாயி. கொடி எதில் நிற்கிறது?

மீனா: கொடிக்கு ஒரு கம்பு பெரியப்பா. இரண்டு கிளைகளை இரண்டு பக்கமும் வளைத்து இதய வடிவில் கட்டிவிடுகிறார்கள்.

பெரியப்பா: நம் பன்னீர் திராட்சை கவாத்து செய்து நாலு மாதத்தில் பறிப்புக்கு வந்துவிடும். அங்கே?

மீனா: வருடத்துக்கு ஒரே பறிப்பு. ஜூனில் பூத்தால் அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும், ரீஸ்லிங் ரகம் மெதுவாகத்தான் பழுக்கும். சரிவு தெற்கே பார்த்து இருப்பதால் கிடைக்கிற கொஞ்ச வெயிலும் நேராக விழுகிறது, தரை முழுக்கச் சிலேட்டுக் கல், நாம் பள்ளியில் எழுதினோமே அதே மாதிரி தகடு தகடாக. பகலில் வாங்கிய சூட்டை அது ராத்திரி விடுகிறது. சாயங்காலம் காது விறைக்கிற காற்றில் ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

கார்த்திக்: இவ்வளவு பாடு எதற்கு அக்கா, வெயில் ஊரில் வளர்த்தால் ஆகாதா?

மீனா: வளரும்டா, ஆனால் இந்தச் சுவை வராது. சூட்டில் சர்க்கரை சீக்கிரம் ஏறிப் புளிப்பு இறங்கிவிடும். இங்கே ராத்திரி குளிர் புளிப்பைக் காப்பாற்றுகிறது, மணம் சேரவும் நாள் கிடைக்கிறது. ஒரு பழத்தை வாயில் போட்டேன், முதலில் தேன், அப்புறம் பச்சை ஆப்பிளைக் கடித்தது போலப் பல் கூசியது. வைனிலும் அதேதான், எலுமிச்சை, பீச், பூ மணம் எல்லாம் இருக்கிறது. காபினெட் என்ற லேசான வகையில் கொஞ்சம் சர்க்கரையை மீதி வைத்தே நொதிப்பை நிறுத்துவதால் ஆல்கஹால் 8, 9 சதவீதம்தான்.

அத்தை: இனிப்பும் புளிப்புமா, மாங்காய்ப் பச்சடி மாதிரி என்று சொல். நீ குடித்தாயா?

மீனா: ஒரு வாய் சுவைத்தேன் அத்தை. பச்சடி என்றீர்களே, அதுதான் சரி, புளிப்பு இல்லையென்றால் வெறும் பாகுதான். பல வருடம் பாட்டிலில் இருந்த ஒன்றையும் திறந்தார்கள், மண்ணெண்ணெய் மணம்! கெட்டுப்போகவில்லை, பழத்தில் இருக்கும் நிறப்பொருள் சிதைந்து நாளாக ஆக அந்த மணம் வருமாம், அதைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு.

கார்த்திக்: பனியில் உறைந்த திராட்சையைப் பறிப்பார்களாமே?

மீனா: ஐஸ்வைன். கொடியிலேயே பழம் உறைய மைனஸ் 7 டிகிரியாவது வேண்டும், விடியும் முன்பே பறித்துப் பிழிவார்கள், தண்ணீர் ஐஸாக நின்றுவிடும், கெட்டியான சாறு மட்டும் சொட்டும். 2019 பழத்துக்கு அந்தக் குளிரே வரவில்லை, அதைச் சொல்லும்போது தோட்டக்காரர் முகம் வாடிவிட்டது.

பெரியப்பா: பருவம் தப்பினால் எந்த ஊரிலும் அந்த முகம்தான் தாயி. அங்கே கவாத்து எப்போது?

மீனா: குளிர்காலக் கடைசியில், பிப்ரவரி வாக்கில்.

பெரியப்பா: அப்போதும் போ. ஒரு கிளைக்கு எத்தனை மொட்டுக் கண் விட்டு வெட்டுகிறார்கள் என்று எண்ணிச் சொல்லு.