மார்த்தாண்டம் தேன் தளத்துக்கு வேர்ட்பிரஸா, ட்ரூப்பலா?

வணக்கம் நண்பர்களே. மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கும் சில குடும்பங்களுக்கு இணையதளம் செய்து கொடுக்கப் பொறுப்பேற்றிருக்கிறேன். நிரல் எழுதாமலே தளத்தில் பதிவேற்ற உதவும் மென்பொருள்களான வேர்ட்பிரஸ், ட்ரூப்பல் இரண்டில் எதை எடுப்பது என்று யோசிக்கிறேன். பழைய தளத்தில் விலையை மாற்றக்கூட அதைச் செய்தவரைத்தான் கூப்பிட வேண்டும். யூனிகோட் இல்லாத எழுத்துரு வேறு. தமிழில் தேடினால் கூகுளில் வராது.

இனி பதிவேற்றப் போவது கணக்கு பார்க்கும் அக்கா, அதுவும் கைப்பேசியிலிருந்து. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது இளம் இலைக்காம்பில் ஊறும் தேன்தான் எங்களுக்கு முக்கிய வரத்து. பருவத்தைப் பொறுத்து வரத்து மாறுவதால் ஊர், எடுத்த மாதம், இருப்பு, விலை என்று தனித்தனிப் புலங்கள் (விவரம் நிரப்பும் கட்டங்கள்) வேண்டும். ட்ரூப்பலில் இந்த வசதி கூடவே வருகிறது. வேர்ட்பிரஸில் அதற்கு பிளக்இன் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) போடுவதுதான் வழக்கம், ஆனாலும் அக்காவுக்கு வேர்ட்பிரஸ்தான் லேசாக இருக்கும் என்று தோன்றுகிறது. 2018-இல் வேர்ட்பிரஸில் வந்த, பக்கத்தைத் துண்டு துண்டாக அடுக்கும் பிளாக் எடிட்டரில் அவர் தெரியாமல் பக்க அமைப்பைக் கலைத்துவிடாதபடி, புலங்களை மட்டும் நிரப்பவிடும் வழியை யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

அப்புறம், நான் பார்த்த தீம்களில் (தளத்துக்கான தயார் வடிவமைப்புகளில்) வரி இடைவெளி குறைவு. மேல்வரியின் 'மூ', 'கூ' கீழ்வரியில் உள்ள 'கி', 'கீ' போன்றவற்றின் மேல் விசிறிகளில் முட்டுகின்றன. தமிழுக்கு எவ்வளவு வைக்கிறீர்கள்? டிசைனை முதலில் வரைவதா, புலங்களை முடிவு செய்துவிட்டு வரைவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அடுத்த தேன் எடுப்புக்குள் முடித்துக் கொடுத்தாக வேண்டும்.