ரெஸில்மேனியா 40 நேர்ல பாத்த அனுபவம்

ரெஸில்மேனியான்னா டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த கம்பெனியோட வருஷாந்திர பெரிய ஷோ. 2024 ஏப்ரல் 6, 7, பிலடெல்பியா, லிங்கன் ஃபைனான்ஷியல் ஃபீல்ட் ஸ்டேடியம். ரெண்டு நைட்டும் உள்ள இருந்தேன். நேர்ல போனா கமெண்ட்ரி கெடையாது, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனா போய் உக்காந்தாதான் உறைக்கும். டிவில யாரு வர்றா எதுக்கு வர்றான்னு மைக்கேல் கோல் கத்திட்டே இருப்பார்ல, இங்க அந்த வேலைய கூட்டம் பாக்குது. எனக்கு 200 லெவல்ல சீட்டு, ரிங்குல ஒருத்தர் பொத்துன்னு விழுறது கண்ணுக்கு மொதல்ல தெரியும், சத்தம் கொஞ்சம் பிந்திதான் வந்து சேரும். பெக்கி லிஞ்ச், ரியா ரிப்ளி மேட்ச் பூரா எனக்கு இதுக்குப் பழகவே சரியா போச்சு.

மேல கூரை இல்லாத ஸ்டேடியம், சனிக்கிழமை ராத்திரி அடிச்ச காத்துல டி-ஷர்ட் தெரியணும்னு ஜாக்கெட் போடாம வந்தவன்லாம் ஹூடி வாங்க க்யூல நின்னான்.

பக்கத்து சீட்ல உள்ளூர்க்காரர் ஒருத்தர், வயசானவர், வெளுத்துப்போன இசிடபிள்யூ பனியன் (இந்த ஊர்ல இருந்த பழைய மல்யுத்த கம்பெனி). வெள்ளிக்கிழமை, அந்தக் கம்பெனிய நடத்துன பால் ஹேமனுக்கு ஹால் ஆஃப் ஃபேம் குடுத்தாங்கல்ல, அத பத்தி கேட்டதும் மனுஷன் நிறுத்தவே இல்ல. அந்தக் காலத்துல பிங்கோ ஹால்லதான் ஷோ நடக்குமாம், இவர் விடாம போவாராம், எங்க இருக்குன்னு வழியும் சொன்னார். மறுநாள் காலைல போய் பாத்தேன், ஹைவே பக்கத்துல சாதாரண கட்டடம், இப்போ 2300 அரீனான்னு பேரு, தெரியாதவங்க குடோன்னு நெனச்சு தாண்டிப் போயிருவாங்க. அப்படிப்பட்ட ஆளு, பெரிய பெரிய என்ட்ரிக்கெல்லாம் கைகட்டி உக்காந்திருந்தவர், குந்தர் 666 நாளா வச்சிருந்த இன்டர்காண்டினென்டல் சாம்பியன் பட்டத்த சாமி ஸெயின் ஜெயிச்சப்போ எந்திரிச்சு நின்னு என் முதுகுல போட்டாரு பாருங்க ஒண்ணு!

ஞாயித்துக்கிழமை மெயின் ஈவென்ட், சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸோட கோடி ரோட்ஸ் மோதுற மேட்ச். முன்னாடி வரிசைல ஒரு அப்பாவும் பையனும். சேத் ராலின்ஸ், ரோமனோட ஒரு காலத்துல சேர்ந்திருந்த ஷீல்ட் டீமோட பழைய டிரஸ்ல வந்து அடி வாங்கிக் கெடக்குறார், ரோமன் கைல சேர், கோடிய அடிக்காம திரும்பி சேத்த அடிக்கிறார். பையனுக்குப் புரியல, ஏன் ஏன்னு அப்பா சட்டைய இழுக்குறான். அவர் குனிஞ்சு 2014ல சேத் முதுகுல குத்துன கதைய காதுல கத்தி சொல்லிட்டு இருக்கார், ஒரு கண்ணு மட்டும் ரிங்க விட்டு எடுக்கல. கமெண்ட்ரின்னா இதுதாங்க. அதுக்கு முன்னாடி, ரோமனுக்கு உதவ வந்த ராக் ரிங்குல நிக்கும்போது லைட் அணைஞ்சு மணி அடிச்சதே, அண்டர்டேக்கர் வர்றதுக்கு அதுதான் அடையாளம், அப்போ எவனும் எவனுக்கும் சொல்ல வேண்டியிருக்கல, இருட்டுலயே மொத்த ஸ்டேடியமும் அண்டர்டேக்கர்னு அலறிருச்சு. கோடி பின் பண்ணி ஜெயிச்சு, ரோமன் 1,316 நாளா வச்சிருந்த பட்டம் கைமாறினப்போ நான் என்ன கத்தினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல.

ஃப்ளோர் சீட் எடுக்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு, முதல் சில வரிசை கெடைச்சா ஓகே, மத்தபடி என்னைக் கேட்டா வேண்டாம். தரை சமதளம், எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க, அவ்ளோ காசு குடுத்துட்டு கடைசில ஸ்க்ரீனத்தான் பாப்பீங்க. சைடு ஸ்டாண்டு பெட்டர். பேக் விஷயத்துல ரொம்ப கறார், கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் பேக், 12க்கு 6க்கு 12 இன்ச், அதுக்கு மேல விட மாட்டாங்க. விசா கைக்கு வராம ஷோ டிக்கெட்டுல கை வைக்காதீங்க.

இன்னொண்ணு, ஞாயிறு ராத்திரியோட கெளம்பிராதீங்க. திங்கக்கிழமை 'ரா', அதான் அவங்களோட வாராந்திர டிவி ஷோ, எதிர்லயே வெல்ஸ் ஃபார்கோ சென்டர்ல நடந்துச்சு, பாதிக்கு மேல வெளிநாட்டு கும்பல், மேனியாவ விட அங்கதான் ரகளை ஜாஸ்தி. ஃப்ளைட்ட செவ்வாய்க்கிழமைக்கு போடுங்க.