நேபாள மலைக் கிராமத்தில் தங்கி வீடு கட்ட உதவுதல்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

கட்டடவியல் மாணவி, சிங்கப்பூர்

வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 2023 நவம்பர் நிலநடுக்கத்தில் வீடிழந்த குடும்பங்களுக்கு வீடு கட்டும் பணியில் உதவுவதற்காக, வரும் டிசம்பரில் எங்கள் குழுவினர் 15 பேர் நேபாளத்தின் ஜாஜர்கோட் மாவட்டத்துக்குச் செல்லவிருக்கிறோம். 12 நாளும் தங்குவது கிராமத்தாரின் வீடுகளில்தான். சாந்துச் சட்டி தூக்கிப் பழகாத நாங்கள் அவர்களுக்குப் பாரமாகிவிடுவோமோ என்று உண்மையாகவே அஞ்சுகிறேன். அந்த வீடுகளில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

முன்னாள் தன்னார்வலர்

2017இல் கோர்க்கா மாவட்டத்தில் மூன்று வாரம் இதே வேலையைச் செய்தேன். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் நேபாளத்தில் ஏறத்தாழ 5 லட்சம் வீடுகள் இடிந்தன. பெரும்பாலானவை மண்சாந்தில் கல் அடுக்கியவை. சுவரின் உள்முகத்தையும் வெளிமுகத்தையும் பிணைக்கும் நீளக் கற்கள் இல்லாததால் அவை பிளந்து சரிந்தன. அதே கல்லையும் மண்ணையும் கொண்டு, ஜன்னலுக்குக் கீழும் கதவு நிலைக்கு மேலும் வீட்டைச் சுற்றி மரச்சட்டமோ கான்கிரீட் பட்டையோ ஓட்டிக் கட்டினால் சுவர் தாங்கும். அது பயிற்சி பெற்ற மேஸ்திரியின் வேலை. நமக்குரியது சித்தாள் வேலை: கல் சுமப்பது, மண் குழைப்பது, தண்ணீர் கொண்டுவருவது. அதை மனமாரச் செய்தால் பாரமாக மாட்டீர்கள்.

எங்களுக்குச் சோறு போட்டவரை ‘ஆமா’ என்று அழைத்தோம். அம்மா என்பதற்கு அவர்கள் சொல் அது. டோகோ என்னும் மூங்கில் கூடையை முதுகில் ஏற்றி, அதன் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு அவரும் கல் சுமந்தார். நான் ஒரு கல்லை இரு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள், அவர் கூடை நிறையக் கொண்டுவந்த கற்களைக் கொட்டிவிட்டு, நெற்றியில் பதிந்த தடத்தைத் தேய்த்தபடி மறுபடி சரிவில் இறங்கிக்கொண்டிருப்பார். மாலையில் எங்கள் அனைவருக்கும் பருப்பும் சோறும் ஆக்கியவரும் அவரே. ஆகவே உணவுக்கான பணம் அந்தக் குடும்பத்தின் கைக்கே போகிறதா என்பதை முதலில் கேளுங்கள். எச்சிலை அங்கே ‘ஜூட்டோ’ என்பார்கள். நம் பாட்டி வீட்டு வழக்கம்தான். கடித்ததைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள். அழைக்காமல் அடுப்படிக்குள் நுழையாதீர்கள்.

இன்று நீ என் வயலுக்கு வந்தால் நாளை நான் உன் வயலுக்கு வருவேன் என்னும் ‘பர்மா’ முறை அந்த மலைகளில் உண்டு. சாந்து வேலை நின்ற ஒரு நாளில் ஆமாவின் கேழ்வரகை அடிக்கப் போனோம். அன்றுதான் அவர் எங்களை விருந்தாளிகளாகப் பார்ப்பதை விட்டார்.

கட்டுமானப் பொறியாளர், கோவை

மேலே சொன்னதை ஏற்கிறேன்; ஆயினும் பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். 15 பேரின் விமானக் கட்டணத்தில் உள்ளூர் மேஸ்திரிகள் சிலருக்குப் பல மாதக் கூலி கொடுக்கலாம். மறுபுறம், இளைஞர்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போய்விட்டதால் அக்கிராமங்களில் ஆள் பற்றாக்குறை இருப்பதும் உண்மை. 2015க்குப் பிந்தைய மறுகட்டுமானத்தில் நேபாள அரசு வீட்டுக்கு 3 லட்சம் நேபாள ரூபாயை மூன்று தவணைகளாகக் கொடுத்தது. கட்டிய பகுதியைப் பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த தவணை வரும். அத்தகைய ஏற்பாட்டில், பழகாத கை எழுப்பிய ஒரு கோணல் சுவர் அந்தக் குடும்பத்தின் பணத்தையே நிறுத்திவிடும். மேஸ்திரி இல்லாத நேரத்தில் ஒரு கல்லைக்கூட வைக்காதீர்கள். சுற்றுலா விசாவில் ஊதியமில்லாத வேலைக்கும் அங்கே அனுமதியில்லை என்பதால், உரிய அனுமதி பெறப்பட்டுள்ளதா என்று விசாரியுங்கள்.

கட்டடவியல் மாணவி, சிங்கப்பூர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒருங்கிணைப்பாளரிடம் நேற்றே பேசினேன். உணவுப் பணம் குடும்பத்தாரிடம் நேரடியாகக் கொடுக்கப்படும் என்றார். விசா அனுமதிக் கடிதத்தை அனுப்புவதாகவும் சொன்னார். நாங்கள் கிளம்பும் நாளில் சுவர் எந்த மட்டத்தில் நிற்கும், அதற்குமேல் கட்டி முடிக்க மேஸ்திரியின் கூலிக்குப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. அது வரும்வரை பயணச்சீட்டு எடுக்க வேண்டாம் என்று எங்கள் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.