சம்பூர் வீட்டுக் குழு: ஆறாம் நாள் தலையிடி

அம்மா (காலை 7.10): தங்கச்சிக்குப் பிள்ளை பெற்று இன்று ஆறாம் நாள், விடியலில் இருந்து தலையிடி. நேற்று முற்றத்துக்கு இறங்கினாள், பனி பிடித்துவிட்டது. சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டிருக்கிறேன். மருமகன் பால் சுரக்கப் பால்சுறா வாங்க மூதூர்ச் சந்தைக்குப் போய்விட்டார்.

நான்: தண்ணீர் கொடுக்கிறீர்களா அம்மா? என்னுடைய முறை ஒரு நாளைக்கு அரைப் பேணிதான் தந்தீர்கள். நாக்கு மரப்பட்டை போலக் கிடந்தது.

அம்மம்மா: தண்ணீர் கூடினால் வயிறு வைக்கும். நான் ஏழு பெற்றவள்.

சின்ன மாமி: மச்சாள், சரக்குக் கறி, பால்சுறா, முருங்கையிலை எல்லாம் கொடுங்கள். தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள், பால் கொடுக்கிறவள். அது கிடக்கட்டும், பிள்ளை, நீ சொல். பனடோல் போட்டும் நிற்கவில்லையா? கண் மங்குகிறதா?

தங்கச்சி: இரண்டு போட்டேன் மாமி, நிற்கவில்லை. சுவர்க் கலண்டரில் இலக்கங்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. நெஞ்சுக்குழியும் நோகிறது.

சின்ன மாமி: 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். இப்போதே. இது பனி இல்லை. பிள்ளை பெற்று ஆறு கிழமை வரைக்கும் பிரஷர் ஏறலாம், வயிற்றோடு இருந்தபோது சரியாக இருந்தவளுக்கும் வரும். விட்டால் வலிப்பு வந்துவிடும். முப்பது வருடம் வீடு வீடாகப் போன மருத்துவிச்சி சொல்கிறேன்.

அம்மம்மா: முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியாமல் வாசல் தாண்டுவதா?

சின்ன மாமி: துடக்கை நான் வந்து கழிக்கிறேன் மாமி. கிளினிக் கொப்பியை எடுத்து வையுங்கள். குழந்தையும் கூடவே போகட்டும், பால் குடிக்க வேண்டும்.

தம்பி: அழைத்துவிட்டேன். வழி காட்டக் கோவில் சந்தியில் நிற்கிறேன்.

நான்: குடும்பநல உத்தியோகத்தர் வரவில்லையா? முதல் பத்து நாளில் இரண்டு தரம் வருவார்களே.

அம்மா: மூன்றாம் நாள் வந்தார். தொப்புளில் ஒன்றும் பூச வேண்டாம் என்றார். அம்மம்மாவின் மஞ்சளை ஒளித்து வைத்திருக்கிறேன்.

அம்மம்மா: இப்போதுதான் தெரிகிறது.

தம்பி (8.25): அம்புலன்ஸில் பார்த்தார்கள், பிரஷர் 170/110. மூதூருக்குப் போகிறோம்.

மச்சான்: இப்போதுதான் வாசித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன், கையில் சுறாப் பை.

தம்பி (9.40): ஊசி போட்டுவிட்டார்கள். திருகோணமலைக்கு அனுப்புகிறார்கள்.

தங்கச்சி (மாலை 5.15): வார்டுக் கலண்டரில் இலக்கம் ஒன்றாகத் தெரிகிறது. குழந்தை குடித்துவிட்டுத் தூங்குகிறான்.

மச்சான்: சுறாவை என்ன செய்வது?

அம்மம்மா: கொண்டு வாருங்கள் தம்பி, அவித்து வைக்கிறேன். உப்பு எவ்வளவு என்று அந்த மருத்துவிச்சியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.